தேங்காய் உடைக்கிற இடம்

“கேட்டிட்டுப் போவம், கலா.”

“கேட்டால் இல்லையெண்டுதான் சொல்லுவார்.”

“சொல்லட்டும். கேட்டதாய் இருக்குமெல்லோ?”

“அவர் வாயாலை இல்லையெண்டு சொன்னாப் பிறகு என்னாலை உங்களோடை வரேலாது, எட்வேர்ட். அவர் ஒண்டும் சொல்லாமல் இருக்கேக்கையே கூட்டிக்கொண்டு போங்கோ.”

ஏழு வருடங்களுக்கு முன், நெல்லியடிச் சந்தியில் பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்று இருவரும் கதைத்தது இது. எட்வேர்ட் அன்று மினுக்கிய வெள்ளைச் சேட்டுடன் வட்டுக்கோட்டையிலிருந்து வந்திருந்தான். கையில் ஒரு பை. அதற்குள் அப்பிளும் முந்திரிகைப்பழக் குலையும். கரவெட்டியில் உதயகலாவின் தகப்பன் பொன்னம்பலத்தின் வீட்டு வாசலுக்குப் போய் முறையாகப் பெண் கேட்பதென்று முடிவு செய்து வந்தவனை அவள் சந்தியிலேயே மறித்துவிட்டாள். அந்தப் பழப்பை பிறகு பதிவுக் கந்தோருக்கு அவர்களுடன் போயிற்று. கலியாண எழுத்து முடிந்ததும் வெளியே வேப்பமர நிழலில் நின்று இருவருமே பழங்களைத் தின்று முடித்தார்கள்.

பொன்னம்பலம் மகளோடு கதைக்காமல் இருந்தது ஒரு வருடம்தான். மருமகனோடு அதற்குப் பிறகும் கதைக்கவில்லை. உதயகலாவின் தாய் இரத்தினம்மா ஒருநாள் தொலைபேசியில் காரணத்தைப் போட்டு உடைத்தாள்.

“அந்தப் பிள்ளை வேதக்காரன் எண்டதுக்குக் கோவமில்லைப் பிள்ளை. அதை ஒரு மாதத்திலை விழுங்கியிட்டார். ‘என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை’, இதைத்தான் இப்பவும் சொல்லிக்கொண்டு திரியிறார். கேட்டிருந்தால் ஓமெண்டு சொல்லியிருப்பியளோ எண்டு நான் கேட்டன். ‘அது வேறை கதை’ எண்டிறார்.”

உதயகலா அதை அப்படியே எட்வேர்டிடம் ஒப்புவித்தாள். அவன், “இப்ப போய்க் கேக்கட்டோ?” என்றான்.

“இப்ப கேட்டு என்ன? இல்லையெண்டால் என்னைத் திருப்பிக் குடுக்கப் போறியளோ?” என்று அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வி அவனுக்குள்ளேயே தங்கிவிட்டது என்பது அவளுக்குத் தெரியும்.

எட்வேர்ட் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பிப்பவன். மிச்ச நேரமெல்லாம் கடல். திருகோணமலையில் ஒரு வெள்ளைக்காரர் விட்டுவிட்டுப் போன பழைய பைபர் பாய்ப்படகு ஒன்றை, தன்னை விட வயதில் மூத்ததை, வாங்கி லொறியில் ஏற்றிக் காரைநகர்க் கரைக்குக் கொண்டுவந்தான். விடுமுறைக்கு வருகிற குடும்பங்களை நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் பாய் விரித்துக் கூட்டிப்போவான். உதயகலா ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை செய்பவள். லீவு கிடைத்தால் அவளும் போவாள்.

படகை முதன்முதல் கடலில் இறக்கிய நாளில் பொன்னம்பலம் வந்து நின்றார். யாரும் கூப்பிடவில்லை. பஸ் மாறி மாறி, தன் வளவுத் தேங்காய் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். காரைநகர்க் கரை முழுக்க மணல். மணலில் தேங்காய் உடையாது. சுற்றிவரக் கல் தேடினார், கிடைக்கவில்லை. கடைசியில் பலகை வழியாகப் படகில் ஏறி, முன்முனையான அணியத்தில் நின்று, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு, படகின் மேல்தளத்திலேயே ஓங்கி அடித்தார். தேங்காய் இரண்டாகப் பிளந்தது.

“கடலுக்குப் போறது பிள்ளை. சும்மா விடேலாது,” என்று மகளிடம் சொன்னார். “அவரைப் பாத்து ஓட்டச் சொல்லு.”

‘அவர்’ ஒரு முழம் தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தான். தேத்தண்ணி ஊற்றுவதற்குள் பொன்னம்பலம் குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தூரப் பயணத்துக்கும் அப்படித்தான். முதல்நாள் உதயகலா தாயிடம் சொல்லுவாள். விடியற்காலை இரத்தினம்மா, “வெளிக்கிட்டிட்டார்,” என்று ஃபோன் எடுப்பாள். அவர் வருவார், அதே இடத்தில் உடைப்பார், மகளிடம் ஒரு வசனம் சொல்லுவார், போய்விடுவார். எட்வேர்ட் “மாமா” என்று தொடங்குவதற்குள் குடை கரையோரத் தாழம்புதரைத் தாண்டியிருக்கும். அவர் தேங்காயை ஓங்குகிற போதெல்லாம் எட்வேர்டின் முகம் ஒரு கணம் சுருங்கும். கிறிஸ்தவ வேதக்கார வீட்டில் வளர்ந்தவனுக்கு இந்தச் சடங்கு ஒவ்வவில்லையாக்கும் என்று உதயகலா நினைத்துக்கொள்ளுவாள். ஆனாலும் அவன் ஒருநாளும் மறித்ததில்லை. அதற்காகவே அவன்மேல் அவளுக்கு ஒரு தனி நன்றி இருந்தது.

இந்த வருடம் மாரி முடிந்து, கரையில் பனங்குற்றிகளின் மேல் ஏற்றி வைத்திருந்த படகைக் கழுவப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. அணியத்தில் கால் வைத்த எட்வேர்ட் அப்படியே நின்றுவிட்டான். தண்ணியில் ஊறின பாண் துண்டை மிதித்ததுபோல் தளம் குதிக்காலுக்குக் கீழே தணிந்து எழும்பியது.

குருநகரில் மீன்பிடி வள்ளங்களுக்குப் பைபர் வேலை செய்கிற ஜெரோசனைக் கூப்பிட்டார்கள். எட்வேர்ட் ஆணி முறுக்குகிற திருப்புளியின் பிடியால் மேல்தளத்தைத் தட்டிக்கொண்டே போனான். நல்ல இடத்தில் ‘டக், டக்’ என்றது. அணியத்துக்குக் கிட்ட வந்ததும் ‘தொப், தொப்’ என்றது. சத்தம் மாறின இடமெல்லாம் உதயகலா சோக்குக் கட்டியால் புள்ளி வைத்தாள்.

“உதென்னண்ணை, தவில் மாதிரி ரெண்டு பக்கமும் ரெண்டு சத்தம்?” என்றான் ஜெரோசன்.

“உங்கடை வள்ளம் முழுக்கப் பைபர். இது அப்பிடியில்லை. மேலை ஒரு தட்டு, கீழை ஒரு தட்டு, நடுவிலை பாரமில்லாத மரத்துண்டுகள். கிறீம் பிஸ்கட் மாதிரி. மேல்தட்டு மரத்தை விட்டுக் கழண்டு போச்சு. உள்ளுக்கை தண்ணியும் போயிருக்கு.”

“அப்ப மேலாலை ரெண்டு பைபர் துணி போட்டு ரெசினை அடிச்சு விடுவம். கழண்டது ஆருக்குத் தெரியப்போகுது?”

“மூடி விட்டால் உள்ளுக்கை இன்னும் அழுகுமடா. ஒரு நாள் பாய்க் கயிறு இழுக்கப் போறவன் காலோடை கீழை போவான்.”

புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டபோது சுளகளவு வட்டம் ஒன்று வந்தது. வட்டத்தின் நடுவில் சிலந்தி வலைபோல மெல்லிய வெடிப்புகள். ஒரு வெடிப்புக்குள் ஏதோ மண்ணிறமாக இறுகியிருந்தது. ஜெரோசன் அதை ஆணியால் நெம்பி எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தான்.

“சிரட்டைத் துண்டு! ஆரண்ணை இதிலை தேங்காய் உடைச்சது? எங்கடை வேதக்கார ஆக்கள் எண்டால் பங்குச் சுவாமியார் வந்து தண்ணி தெளிச்சு விடுவார். ஒரு கீறலும் விழாது.”

உதயகலா சோக்கைக் கீழே வைத்தாள். ஜெரோசன் சாப்பிடப் போகும்வரை காத்திருந்தாள்.

“உங்களுக்கு முதலே தெரியுமோ?” என்று கேட்டாள்.

“சந்தேகம் இருந்தது,” என்றான் எட்வேர்ட். “இந்தமாதிரித் தட்டிலை ஓங்கி அடிக்கக் கூடாது. ரெண்டாந்தரம் உடைக்கேக்கையே சத்தம் வேறை மாதிரிக் கேட்டது.”

“பிறகு ஏன் சொல்லேல்லை?”

“சொன்னால் வாறதை விட்டிடுவாரெல்லோ.”

அவள் படகின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். அவன் முகம் சுருங்கினதுக்குக் காரணம் வேதமில்லை. இத்தனை நாளும், தன் ஆசைப் படகு அடிவாங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, அவளுடைய அப்பா வந்து போகட்டும் என்று நின்றிருக்கிறான்.

“அப்பாவுக்கு இது தெரியக் கூடாது,” என்றாள். “தெரிஞ்சால் இந்தப் பக்கம் தலை வைச்சும் படுக்கமாட்டார். இந்தத் தேங்காயை விட்டால் அவர் எங்களிட்டை வாறதுக்கு வேறை சாட்டு இல்லை.”

“எனக்கும் வேறை சாட்டு இல்லை, கலா,” என்றான் அவன். “படகைத் திருத்தலாம். அவர் வாறது நிண்டால் அதைத் திருத்தேலாது.”

வேலை தொடங்கியது. கோட்டின் வழியே கிறைண்டரால் மேல்தட்டை மட்டும் மெதுவாக வெட்டி, பெட்டியின் மூடியைப் போலக் கழற்றி எடுத்தார்கள். உள்ளே மரம் கறுத்துக் களியாகிக் கிடந்தது. புளித்த தேங்காய்ப் பாலின் மணம் அடித்தது. உளியாலும் கரண்டியாலும் சுரண்டிச் சுரண்டி, ஈரமில்லாத வெள்ளை மரம் தெரிகிற வரைக்கும் எடுத்தார்கள். பிறகு வெயிலுக்கு விட்டார்கள். பங்குனி வெயிலை யாரும் புகழ்ந்து கேட்டதில்லை. அந்தக் கிழமை உதயகலா அதற்கு மனதார நன்றி சொன்னாள். பொழுதுபட்டதும் பனி விழாமல் தறப்பாளால் மூடிக் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள்.

ரெசின் கலக்கிற பொறுப்பு உதயகலாவுக்கு. பிள்ளைகளுக்குப் பாணி மருந்து அளந்து கொடுத்துப் பழகிய கை. ரெசினை இறுக வைக்கிற ஹார்ட்னரை ஊசியில் இழுத்து, கண் மட்டத்துக்குப் பிடித்து, துளி பிசகாமல் விடுவாள்.

“அக்கா, நான் போத்தில் மூடியாலை ஊத்திறனான். ஒரு வள்ளமும் இதுவரைக்கும் காய்ச்சல் எண்டு படுக்கேல்லை,” என்று ஜெரோசன் பகிடி விடுவான்.

“உம்மடை வள்ளத்திலை நான் ஏறப்போறதில்லை. இதிலை ஏறப்போறன்,” என்பாள் அவள்.

ஆனால் ஜெரோசன் ஒன்றில் கண்டிப்பு. வெயில் ஏற முதல் ரெசின் வேலை முடியவேண்டும், இல்லாவிட்டால் அது வாளிக்குள்ளேயே கல்லாகிவிடும். எனவே விடியப்புறமே பொன்னாலைப் பாலத்தால் மோட்டார் சைக்கிளில் வந்துவிடுவார்கள். இரண்டு பக்கமும் பரவைக் கடல் அசையாமல் கிடக்கும். உதயகலா கணவனின் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு வருவாள். திருமணமான புதிதில்கூட இவ்வளவு நேரம் சேர்ந்து இருந்ததில்லை என்று ஒருநாள் அவள் சொன்னபோது, “அப்ப உங்கடை அப்பாவுக்கு நன்றிதான் சொல்லவேணும்,” என்றான் எட்வேர்ட்.

புதிய மரத்தைச் சிறு சதுரங்களாக வெட்டி, ரெசினில் தோய்த்துப் பதித்தார்கள். பழைய மேல்தட்டை அதன்மேல் வைத்து அழுத்துவதற்குப் பாரம் வேண்டியிருந்தது. இரத்தினம்மா வெங்காயம் அனுப்புகிற உரப்பைகளில் கடல்மணல் நிரப்பி அடுக்கினார்கள். ஆனால் நடுவில், வெடிப்பு இருந்த இடத்தில், ஒரு சோற்றுக் கோப்பை அளவு வட்டத்தை எட்வேர்ட் மரம் வைக்காமல் விட்டிருந்தான். மேல்தட்டிலும் அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டான். அந்தக் குழியைப் பைபர் துணியும் ரெசினுமாக, ஒவ்வொரு படையும் இறுகின பிறகே அடுத்த படையாக, நாட்கணக்கில் நிரப்பினான்.

ஜெரோசனுக்குப் பொறுக்கவில்லை. “இந்த ரெசினுக்கு ஒரு சின்ன வள்ளமே கட்டலாமண்ணை. இதிலை என்ன, பீரங்கி பூட்டப் போறியளோ?”

“இல்லை. தேங்காய் உடைக்க.”

ஜெரோசன் சிரிக்கத் தொடங்கினான். இருவரும் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினான்.

“உண்மையாயோ?”

“இவவின்ரை அப்பாதான் உடைக்கிறவர். அவருக்கெண்டு ஒரு இடம்.”

ஜெரோசன் கையிலிருந்த தூரிகையை மெல்ல வாளிக்குள் வைத்தான். அவன் முகம் மாறிப்போயிற்று.

“அண்ணை… வெள்ளை வேட்டி, கையிலை குடை… அந்த ஐயாவோ? நீங்கள் மரம் வாங்க யாழ்ப்பாணம் போன அண்டைக்கு, படகு திருத்திறதைக் கேள்விப்பட்டு வந்தவர். இதென்ன வெட்டிக் கிடக்கு எண்டு கேட்டார். நான்… ஆரோ ஒரு விசரன் தேங்காய் உடைச்சு உடைச்சு டெக்கை நாசமாக்கிப் போட்டான் எண்டு சொல்லிப்போட்டன்.”

“ஐயோ ஜெரோசன்! அவர் என்ன சொன்னவர்?” என்றாள் உதயகலா.

“ஒண்டும் சொல்லேல்லை அக்கா. அந்த வெட்டின இடத்தைக் கையாலை தடவிப் பாத்தார். பிறகு போயிட்டார்.”

அன்று பின்னேரம் அவள் தாய்க்கு ஃபோன் எடுத்தாள். அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை, கேட்டால் வயிறு சரியில்லை என்கிறார் என்று இரத்தினம்மா முறைப்பட்டாள். சனிக்கிழமை படகு இறக்குகிறோம் என்று சொல்லச் சொன்னாள் உதயகலா. பதில் தாய்க்குப் பக்கத்திலிருந்து அப்பாவின் குரலிலேயே கேட்டது: “அவையள் இறக்கட்டும். நான் என்னத்துக்கு?”

“நீங்கள் ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோவன்,” என்று உதயகலா தொலைபேசியை எட்வேர்டிடம் நீட்டினாள். அவன் தலையை ஆட்டினான். “ஃபோனிலை கதைக்கிற கதையில்லை, கலா.”

சனிக்கிழமை காலை எட்வேர்ட் மினுக்கிய வெள்ளைச் சேட்டோடு அறையிலிருந்து வெளியே வந்தான்.

“என்னப்பா, படகு இறக்கிற நாளிலை ஆரும் வெள்ளைச் சேட்டுப் போடுவினமோ? சேறு அப்பினால் ஆர் தோய்க்கிறது?”

“நான் தோய்ப்பன். நீர் வாரும்.”

பாலத்தைத் தாண்டும்போது இரத்தினம்மா அழைத்தாள். “வெளிக்கிட்டிட்டார் பிள்ளை. ஆனால் தேங்காய் எடுக்கேல்லை. நான் எடுத்துக் குடுத்ததையும் வைச்சிட்டுப் போயிட்டார். குடை மட்டுந்தான்.”

உதயகலா கணவனிடம் சொன்னாள். மோட்டார் சைக்கிள் கொஞ்சம் வேகமாகப் போயிற்று.

பொன்னம்பலம் தாழம்புதருக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். கிட்ட வரவில்லை. மகள் ஓடிப்போய்க் கையைப் பிடித்தபோது, “இறக்கிறதைப் பாத்திட்டுப் போவமெண்டு வந்தனான்,” என்றார். புதுப் பெயின்ற் அடித்த அணியத்தைப் பார்த்தார், உடனே பார்வையை எடுத்துக் கடலில் வைத்தார். வெறுங்கை ஒன்று குடைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தது. இதுதான் கடைசித் தடவை, விடைபெறத்தான் வந்திருக்கிறார் என்று உதயகலாவுக்குத் தோன்றியது.

எட்வேர்ட் படகின் அறைக்குள் இறங்கி, இரண்டு கையிலும் எதையோ ஏந்திக்கொண்டு வந்தான். ஒரு தேங்காய். நார் ஒன்றுகூட இல்லாமல், மழமழவென்று சவரம் செய்த மண்டைபோல் மினுங்கியது.

பொன்னம்பலம் அதைப் பார்த்தார். பார்க்காமல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை.

“உதென்ன, மொட்டைத் தேங்காய்?”

ஏழு வருடத்தில் அவர் மருமகனின் முகத்தைப் பார்த்துக் கேட்ட முதல் வார்த்தை.

“சங்கானைச் சந்தையிலை வாங்கினது, மாமா. நான்தான் உரிச்சனான்.”

“குடுமி எங்கை?”

“வைக்கவேணுமெண்டு தெரியாது. வடிவாய் இருக்கட்டுமெண்டு ஒட்ட வழிச்சுப்போட்டன்.”

“பௌதிகம் படிப்பிக்கிறாராம்,” என்றார் பொன்னம்பலம் மகளிடம். ஜெரோசன் படகுக்குப் பின்னால் போய் நின்று இருமினான்.

“ஏறுங்கோ மாமா. ஏறி உடையுங்கோ.”

அவர் முகத்தில் வந்த வெளிச்சம் அணைந்தது. “வேண்டாம் தம்பி. நான் உடைச்சதெல்லாம் போதும்.”

எட்வேர்ட் கீழே இறங்கி வந்து அவருடைய முழங்கையைப் பிடித்தான். அவர் உதறவில்லை. பலகை வழியாக ஏற்றிக்கொண்டு போய் அணியத்தில் நிறுத்தினான். குனிந்து, திருப்புளிப் பிடியால் ஓரத்தில் தட்டினான். ‘டக், டக்.’ நடுவில் தட்டினான். அது பாறையில் தட்டின சத்தம்.

“இந்த இடத்துக்குள்ளை மரம் இல்லை, மாமா. கீழ் வரைக்கும் பைபர். எத்தினை தேங்காய் எண்டாலும் தாங்கும். உங்களுக்கெண்டு கட்டினது.”

பொன்னம்பலம் குந்தியிருந்தார். குடைப்பிடியால் தானும் தட்டிப் பார்த்தார். இன்னொருமுறை தட்டினார். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

“நான் உடைக்கிறது கேடெண்டு முதலே தெரியுமோ?”

“ஓம் மாமா.”

“பிறகு ஏன் மறிக்கேல்லை?”

“நாங்கள் கூப்பிடாமலே வந்தனீங்கள். என்ரை பாதுகாப்புக்காக நீங்கள் சாமியிட்டைக் கேட்டுக்கொண்டு நிக்கேக்கை, நான் எப்பிடி மாமா மறிக்கிறது? ஒவ்வொருதரமும் நல்லாய்ப் போய் நல்லாய்த் திரும்பி வந்தனான். அதுக்கு நன்றி சொல்லவும் எனக்கு வாய் வரேல்லை.”

அவர் எழும்பினார். மொட்டைத் தேங்காயைக் கையில் வாங்கி, ஒருமுறை உருட்டிப் பார்த்து, “சரி, அவருக்கு விளங்கும்,” என்று மேலே பார்த்துச் சொன்னார். கண்ணை மூடினார். இந்தமுறை முணுமுணுப்பு நீண்டது. பிறகு ஓங்கி அடித்தார்.

சத்தம் கரை முழுக்கக் கேட்டது. தேங்காய் சரிபாதியாகப் பிளந்தது. தேங்காய்த் தண்ணீர் வழிந்து ஓடிய இடத்தை அவர் சால்வையால் துடைத்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். ஒரு கீறலும் இல்லை. பெயின்றில் மட்டும் சின்ன மண்ணிறத் தழும்பு.

“இறுகிப்போச்சு,” என்றார். “நல்ல வேலை.”

உதயகலா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஜெரோசன் ஒரு தேங்காய்ச் சொட்டுத் துண்டைக் கேட்காமலே எடுத்துக் கடித்தான். பொன்னம்பலம் பலகை வழியாக இறங்கி, வழமைபோல் குடையைத் தேடினார். “அப்ப நான் வாறன் பிள்ளை. அவரை…” என்று தொடங்கி, நிறுத்தி, எட்வேர்டின் பக்கம் திரும்பினார். “பாத்து ஓட்டும், தம்பி.”

“ஒரு நிமிசம், மாமா. போகாதேங்கோ.”

எட்வேர்ட் மறுபடியும் அறைக்குள் இறங்கினான். வெளியே வந்தபோது கையில் ஒரு பை இருந்தது. பையின் வாயால் சிவப்பு அப்பிள் ஒன்று எட்டிப் பார்த்தது. அதற்குக் கீழே முந்திரிகைப்பழம். உதயகலாவுக்கு உடனே விளங்கிவிட்டது. வெள்ளைச் சேட்டும் விளங்கியது. நெல்லியடிச் சந்தியின் வெயில் ஒருமுறை கண்ணுக்குள் வந்து போயிற்று. இந்தமுறை அவள் மறிக்கவில்லை. இரண்டடி விலகி, அப்பாவின் முகம் தெரிகிற இடத்தில் நின்றாள்.

அவன் மணலில் இறங்கி, பொன்னம்பலத்துக்கு முன்னால் வந்து நின்றான். பையை இரண்டு கையாலும் நீட்டினான்.

“மாமா, உங்கடை வீட்டு வாசலுக்கு வந்து கேட்டிருக்கவேணும். பிந்திப்போச்சு. இப்ப கேக்கிறன். உங்கடை மகள் உதயகலாவை எனக்குக் கலியாணம் செய்து தருவியளோ?”